பஞ்சம் கண்ட நாட்டில் மின்விளக்கு

1881-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேயக் கமிஷனர்களின் ஆட்சியில் இருந்த மைசூர் நாடு மீண்டும் அதன் அரச குடும்பத்தினிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினெட்டு வயது இளைஞரான சாமராஜேந்திர உடையார் அரியணை ஏறினார். பீரங்கிகள் முழங்கின, தோரணங்கள் கட்டப்பட்டன. ஆனால் அவர் கையில் வந்த நாடு எத்தகையது? 1871-ல் எடுத்த குடிமதிப்பின்படி அந்நாட்டில் ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 1881-ல் எண்ணியபோது நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்களே இருந்தனர். பத்து ஆண்டுகளில் பெருக வேண்டிய மக்கள்தொகை ஆறில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. கருவூலத்தில் செல்வம் இல்லை. எண்பது லட்சம் ரூபாய் கடன் இருந்தது. அது பஞ்ச நிவாரணத்துக்காக இந்திய அரசாங்கத்தினிடம் பட்ட கடன்.

இந்தப் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று அறிவர். நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் காலத்துச் செய்தியாயினும், கொங்கு நாட்டிலும் வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் அப்பெயர் இன்னும் முற்றிலும் மறையவில்லை. 1876-ல் மழை பொய்த்தது; அடுத்த ஆண்டும் பொய்த்தது. பஞ்சத்துக்குச் சமஸ்தானத்து எல்லை தெரியுமா? சென்னை மாகாணத்திலிருந்து மைசூருக்கும் மைசூரிலிருந்து சென்னை மாகாணத்துக்கும் மக்கள் சோறு தேடி நடந்தனர். இரு பக்கமும் சோறு இல்லை. பெங்களூர்த் தெருக்களிலேயே நாள்தோறும் பிணங்கள் எடுக்கப்பட்டன.

அப்படி நலிந்த ஒரு நாட்டிலே, அடுத்த முப்பது ஆண்டுகளில், பிற நாடுகள் செய்யத் தயங்கிய சில புதுமைகள் எவ்வாறு தோன்றின என்பதே இப்பேச்சின் பொருள். சொந்த ஊரை விட்டு வந்து பெங்களூரிலும் பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நமக்கு இக்கதையில் தனிப்பட்ட பங்கும் உண்டு. அதில் பெருமைக்குரியதும் இருக்கிறது. சற்றுக் கூச்சத்துக்குரியதும் இருக்கிறது.

முதல் திவானாகப் பொறுப்பேற்றவர் ரங்காசார்லு. அவர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர். இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டார். அதற்குள் சிக்கனம் செய்தார். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே ரயில் பாதையை முடிக்கச் செய்தார். 1881-ஆம் ஆண்டு அக்டோபரில் தசராவை ஒட்டி மக்கள் பிரதிநிதி சபையையும் கூட்டினார். அச்சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை என்பது உண்மையே. ஆயினும், சாகுபடி செய்யும் கிராமத்தான் திவானின் எதிரே நின்று, தன் ஊர் ஏரி உடைந்து கிடக்கிறது என்று சொல்வதற்கு ஓர் இடம் கிடைத்தது. அந்நாளில் இந்திய சமஸ்தானங்களில் அது புதிது.

அவருக்குப் பின், 1883-ல், திவான் பதவி ஏற்றவர் கு. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர், 1845-ல் பிறந்தவர், சென்னை மாகாணக் கல்லூரியில் பயின்றவர். பதினெட்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1881-க்குப் பின் அத்தனை நீண்ட காலம் மைசூர்த் திவானாக இருந்தவர் வேறு எவரும் இலர். அவரைப் பற்றிப் புகழ்மாலையாக எழுதுவது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. ஏனெனில், அவர் ஆட்சிக்கு எதிராக மைசூர் மக்களிடையே எழுந்த குறை உண்மையான குறை. உயர்ந்த உத்தியோகங்களில் சென்னையிலிருந்து வந்தவர்களே நிறைந்திருந்தனர். கல்வி பெறத் தொடங்கியிருந்த மைசூர் இளைஞன், தன் நாட்டுக் கச்சேரியில் தனக்கு இடமில்லை என்று கண்டான். 'மைசூர் மைசூரியருக்கே' என்ற குரல் அந்நாளில்தான் வலுத்தது. 'மதராசி' என்ற சொல்லுக்குப் பெங்களூரில் ஏறிய கசப்பு அங்கிருந்து தொடங்குவது என்று சொல்லலாம். பிழைக்க வந்த ஏழைத் தமிழன் மீது பிற்காலத்தில் விழுந்த ஏச்சில் ஒரு பகுதி, அதிகாரத்துக்கு வந்த படித்த தமிழன் சம்பாதித்து வைத்தது. இதை நாம் மறந்துவிடுவது நேர்மையாகாது.

ஆனால் குறையைச் சொல்பவன் செயலையும் சொல்ல வேண்டும். சேஷாத்ரி ஐயர் பஞ்சத்திலிருந்து கற்ற பாடம் ஒன்றே. நீரை நம்பும் நாடு நீரைத் தேக்க வேண்டும். தானியம் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு விரைவாகச் செல்ல வேண்டும். ஆகவே ஏரிகளைப் பழுது பார்ப்பதிலும் ரயில் பாதைகளை நீட்டுவதிலும் பணத்தைச் செலவிட்டார். கடனும் படிப்படியாகத் தீர்ந்தது.

பெங்களூர் நகரத்துக்குள் பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. கெம்பே கௌடர் காலந்தொட்டு ஏரிகளே அதன் உயிர். தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் ஆகிய ஏரிகளின் நீரைத்தான் நகரமும் தண்டும் குடித்தன. மழை குறைந்தால் ஏரி வற்றும். ஏரி வற்றினால் சேறும் நோயும் மிஞ்சும். இதற்கு மாற்றாக, வடமேற்கே அர்க்காவதி ஆற்றின்மீது ஹெசரகட்டாவில் நீரைத் தேக்கி, அங்கிருந்து சோலதேவனஹள்ளிக்குக் கொண்டு வந்து, நீராவி எந்திரத்தால் மேலேற்றி, குழாய் வழியே நகருக்கு அனுப்பும் திட்டம் 1894-ல் தொடங்கியது. 1896-ல் நீர் வந்தது. தெருக்குழாயைத் திருகியதும் நீர் கொட்டுவதை முதன்முதல் கண்ட பெண்களின் மகிழ்ச்சியை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை. அரசாங்க அறிக்கைகள் கன அடியை எழுதும். குடம் சுமந்த இடுப்பை எழுதா. அத்தகைய அறிக்கைகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இது நன்றாகத் தெரியும்.

அதே 1894-ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 28-ஆம் நாள், கல்கத்தாவுக்குச் சென்றிருந்த அரசர் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். மகன் சிறுவன். முப்பது வயது நிரம்பாத மகாராணி கெம்பநஞ்சம்மணி அரசப் பிரதிநிதியாக ஆட்சியை ஏற்றார். துயரத்தில் ஒடுங்கி இருந்துவிடுவதே அந்நாளைய வழக்கப்படி ஒரு கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்த வாழ்வு. அவரோ எட்டு ஆண்டுகள் நாட்டை ஆண்டார். நாம் இனிச் சொல்லப் போகும் பெரும் பணிகளெல்லாம் அவர் கையொப்பம் பெற்றவையே. திவான்களின் சிலைகளைப் பார்ப்பவர்கள் இந்த அம்மையாரை அவ்வளவாக நினைப்பதில்லை.

1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேகு 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. தமிழில் இதற்குக் கொள்ளைநோய் என்றும் மகாமாரி என்றும் எழுதுவோம். மக்களோ அக்காலத்திலேயே பிளேகு என்றுதான் சொன்னார்கள். எலிகள் கூரையிலிருந்து விழுந்து செத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதைப் படிப்பில்லாதவரும் கற்றுக்கொண்டனர். பேட்டைத் தெருக்கள் குறுகியவை, வீடுகள் நெருங்கியவை, தானியக் கிடங்குகளும் குடியிருப்புகளும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. நோய் பரவ வேறென்ன வேண்டும்? தண்டிலும் நிலை அதுவே. 1809-ல் ஆங்கிலேயப் படை வந்து தங்கிய நாள்முதல், அதன் பின்னே வந்த நம்மவர்கள், வேலூர், ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த வண்டிக்காரரும் கொத்தரும் சமையற்காரரும் வணிகரும், பிளாக்பள்ளி என்னும் இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தனர்.

அரசாங்கத்தார் வீடு வீடாகச் சோதனை செய்தனர், நோயாளிகளைப் பிரித்தனர், ஊருக்கு வெளியே குடிசைகள் போட்டு மக்களைக் குடியேற்றினர். நோயைக் காட்டிலும் சோதனைக்கு மக்கள் அஞ்சினர் என்றால் மிகையில்லை. தாயை ஒரு முகாமுக்கும் மகனை ஒரு முகாமுக்கும் அனுப்பினால் யார்தான் பொறுப்பர்? ஹாப்கின் என்ற அறிஞர் 1897-ல் பம்பாயில் கண்டுபிடித்த தடுப்பூசி இருந்தும், ஊசி என்றாலே ஓடினவர் பலர். இந்த முகாம்களில் மருத்துவராகப் பணியாற்றியவர்களுள் திருவிதாங்கூரைச் சேர்ந்த டாக்டர் பல்பு ஒருவர். ஈழவ குலத்தில் பிறந்தவர் என்பதற்காகத் தம் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு, மைசூரில் இடம் பெற்றவர் அவர். இடம் மறுக்கப்பட்டவர், தமக்கு இடம் தந்த ஊரில் மற்றவர்கள் அஞ்சி ஓடிய முகாமில் நின்றார்.

மக்கள் தம் வழியிலும் அச்சத்தை எதிர்கொண்டனர். பெங்களூரில் பிளேகு மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. கோயம்புத்தூரிலும் அப்பெயர் கொண்ட அம்மன் உண்டு என்பதைக் கொங்கு நாட்டு அன்பர்கள் அறிவார்கள். புதிய நோய்க்குப் பழைய தாய் ஒரு புதிய பெயரை ஏற்றாள். இதைக் கண்டு நகைக்க நமக்கு மனம் வரவில்லை. தடுப்பூசியும் அம்மனும் ஒரே வீட்டில் இடம் பெற்றதைத்தான் நாம் இதில் காண்கிறோம்.

அவ்விடரிலிருந்து நகரத்துக்குப் புதிய வடிவம் பிறந்தது. 1892-லேயே திட்டமிடப்பட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மல்லேசுவரம், பசவனகுடி என்னும் இரு புறநகர்களும் பிளேகுக்குப் பின் விரைந்து வளர்ந்தன. அகன்ற தெருக்கள், காற்றோட்டமான வீடுகள், கழிவை அகற்றுவதற்கென்றே வீடுகளின் பின்புறம் சந்துகள். ஊர் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நோய் கற்றுக்கொடுத்தது. ஆயினும் அந்த மனைகளைச் சாதிகளுக்கு ஏற்பத் தனித்தனிப் பகுதிகளாக ஒதுக்கினார்கள். காற்றுக்கு வழி விட்டவர்கள் மனிதர்களைப் பிரித்து வைத்தார்கள். தண்டிலும் பின்னர் நெருக்கத்தைக் குறைக்கப் பிரேசர் டவுன் என்ற புதுக் குடியிருப்பு எழுந்தது. 1897-ல் மகாராணி அடிக்கல் நாட்டிய விக்டோரியா மருத்துவமனை 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் கர்சன் பிரபுவால் திறக்கப்பட்டது.

இனி, வியப்புக்குரிய செய்திக்கு வருவோம். பிளேகு நகரைச் சூறையாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே திவானின் மேசையில், காவிரியின் வீழ்ச்சியை மின்சாரமாக்கும் திட்டம் விரிந்து கிடந்தது.

சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக வீழ்கிறது. அந்நாளில் ஒரு கரை மைசூர். மறு கரை சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டம். ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி நீரைத் தனியே கொண்டு வந்து, ஏறத்தாழ 400 அடி ஆழத்துக்கு இரும்புக் குழாய்களில் பாய்ச்சி, அவ்விசையால் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது என்பது திட்டம். கேட்பதற்கு எளிது. ஆனால் இந்தியாவில் அதற்கு முன் இருந்தது டார்ஜிலிங்கில் 1897-ல் தொடங்கிய ஒரு சிறு நிலையமே. உலகம் வியந்து பேசிய நயாகரா நிலையமும் 1896-ல்தான் பபலோ நகருக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. அத்தொலைவு முப்பது மைலுக்கும் குறைவு. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் செல்ல வேண்டியதோ 92 மைல்.

எங்கே செல்ல வேண்டும்? பெங்களூருக்கு அன்று, கோலார் தங்கவயலுக்கு. இங்கேதான் திட்டத்தின் சாதுரியம் இருக்கிறது. பஞ்சத்திலிருந்து எழுந்து பிளேகில் விழுந்த நகரம் மின்சாரத்துக்கு என்ன விலை கொடுக்க முடியும்? தங்கச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தாரோ நிலக்கரியைத் தொலைவிலிருந்து தருவித்து எரித்துக்கொண்டிருந்தனர். உறுதியாக வாங்குபவர் ஒருவர் கிடைத்தால் முதல் போடலாம் என்று சேஷாத்ரி ஐயர் கணக்கிட்டார். மைசூர்ப் பொறியாளரான லோத்பினியேர் என்பவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டார். மின்கருவிகள் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்தும், நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திடமிருந்தும் வந்தன. ரயில் இல்லாத காட்டுவழியில் அவ்வளவு பெரிய இரும்பு உறுப்புகளை மாடுகளும் யானைகளும் இழுத்துச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் எந்திரம் சிவசமுத்திரம் சேர்ந்தது மாட்டின் கழுத்தை நம்பித்தான்.

இத்தகைய முயற்சிக்கு எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? சொந்த மக்கள் பட்டினியும் நோயும் கண்ட நாட்டில், வெள்ளைக்கார நிறுவனத்துக்காக அருவியில் பணத்தைப் போடுவதா என்ற கேள்வி நியாயமானதே. அது அருவியோடு போன பணமாக முடிந்திருந்தால் ஐயரின் பெயர் இன்று வேறு விதமாக வழங்கும். 1901-ஆம் ஆண்டு மார்ச்சில் உடல் நலிந்து பதவியிலிருந்து விலகினார், செப்டம்பரில் காலமானார். 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது. நட்டவர் காணாமலே மரம் காய்த்தது.

தங்கவயலின் கதை தனியே ஒரு பேச்சுக்குரியது. அந்த மின்சாரம் இயக்கிய எந்திரங்களின் கீழே, பூமியின் ஆழத்தில், வெப்பத்திலும் பாறைப் புழுதியிலும் உழைத்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். பஞ்சம் துரத்தியவர்களும் சாதிக்கொடுமை துரத்தியவர்களும் அங்கே கூடினர். தங்கம் லண்டனுக்குச் சென்றது. புழுதி அவர்களின் நுரையீரலுக்குச் சென்றது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின், அவர்களின் மக்களும் பேரர்களும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து உழைத்து இரவில் ஊர் திரும்பும் வாழ்வை மேற்கொண்டனர். புதுமையின் பயனைக் கணக்கிடும்போது இவர்களையும் ஏட்டில் எழுத வேண்டும்.

பெங்களூருக்கு மின்சாரம் வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள். ஆசியாவிலேயே முதன்முதல் தெருவில் மின்விளக்கு எரிந்த நகரம் எங்களுடையது என்று இவ்வூரார் பெருமையாகச் சொல்வதுண்டு. கல்கத்தாவில் ஹாரிசன் சாலை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே மின்விளக்குக் கண்டதை வங்காளிகள் நினைவூட்டுவார்கள். அந்தப் போட்டியில் நாம் இறங்க வேண்டியதில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன், மாலை மயங்கினால் ஆள் நடமாட்டம் இன்றிக் கதவுகள் அடைத்துக் கிடந்த தெருக்களில் விளக்கு எரிந்தது என்பதே நமக்குப் பெரிய செய்தி. பிளேகு அப்போதும் முற்றிலும் ஒழியவில்லை. ஆண்டுதோறும் தலைகாட்டிக்கொண்டுதான் இருந்தது. நோய் தீரட்டும், பிறகு விளக்குப் போடலாம் என்று இருந்திருந்தால் நகரம் நெடுங்காலம் இருட்டில் கிடந்திருக்கும்.

ஜம்ஷெட்ஜி டாடாவின் விஞ்ஞானக் கழகத்தின் கதையும் இதனோடு ஒட்டியதே. அதைச் சுருக்கமாகச் சொல்வோம். 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், பிளேகு பீடித்த பம்பாயில், புதிதாக வந்திறங்கிய கர்சன் பிரபுவிடம் அத்திட்டம் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய உயர்கல்விக்கு மாணவர் கிடைப்பார்களா, படித்தவர்க்கு வேலை ஏது என்று கர்சன் ஐயுற்றார். ஆய்வுக்கு வந்த ராம்ஸே என்னும் வேதியியல் அறிஞர் பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் தந்தது; பணமும் தர இசைந்தது. குழுக்கள் வந்தன, கடிதங்கள் சென்றன, ஆண்டுகள் கழிந்தன. டாடா 1904-ல் ஜெர்மனியில் காலமானார். அனுமதி ஆணை 1909-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பிறந்தது. முதல் மாணவர்கள் 1911-ல் வந்தனர். கோப்பு ஒன்று மேசை விட்டு மேசை நகரும் வேகத்தை அறிந்த நமக்கு, பதின்மூன்று ஆண்டுகள் என்பது பெரு வியப்பன்று. அத்தனை ஆண்டுகள் அதை விடாமல் தள்ளிக்கொண்டிருந்த பாதுஷா போன்றவர்களின் பொறுமையே வியப்பு.

இவ்வளவும் பெரியவர்களின் செயல்கள். அந்நாளில் எளிய மக்கள் மகிழ்ந்திருந்தார்களா? மகிழ்ந்திருந்ததற்குச் சில அடையாளங்கள் உண்டு. லால்பாக் தோட்டத்தின் தலைவராக 1874 முதல் 1908 வரை இருந்த ஜான் காமரன், பஞ்சத்தையும் பிளேகையும் ஒருங்கே கண்டவர். அவ்வளவுக்கும் இடையே அவர் அயல்நாட்டுச் செடிகளைத் தருவித்து இந்த மண்ணில் பழக்கிக்கொண்டிருந்தார். சௌசௌ என்னும் காய் அவர் கொணர்ந்ததே என்பர். தமிழ்நாட்டில் நம் வீட்டுப் பெண்கள் அதைப் பெங்களூர்க் கத்திரிக்காய் என்றே அழைத்துக் கூட்டு வைக்கிறார்கள். எத்தனை பேருக்கு அப்பெயரின் காரணம் தெரியும்? திவான்களின் பெயர் மறந்த வீடுகளிலும் இந்தக் காய் வேகிறது.

நகரின் காய்கறித் தோட்டங்களை வளர்த்தவர்கள் திகளர் என்னும் மக்கள். தமிழ் நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் சென்றவர்கள்; தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு அவர்களுடையது. சித்திரைப் பௌர்ணமி இரவில் மல்லிகைப் பூவால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி, கையால் தொடாமல், தர்மராயர் கோயிலிலிருந்து நகரம் முழுவதும் ஆடிவருவது அவர்கள் விழா. கிறிஸ்தவர், முகம்மதியர் என்று பாராமல் ஊரே கூடும்; கரகம் மஸ்தான் சாகேப் தர்காவுக்குள் நுழைந்து வெளிவரும். ஏரிகளை நம்பியது அவர்கள் தொழில். சடங்கும் ஏரியை நம்பியதே. இன்று தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. கரகச் சடங்குக்கென்று அதில் ஒரு சிறு குளம் மட்டும் விடப்பட்டிருக்கிறது. தோட்டம் போயிற்று, தோட்டக்காரர் பலர் வேறு தொழிலுக்குப் போயினர், கரகம் நிற்கவில்லை. இழந்தவர்களுக்கு ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த இரவில் ஒருமுறை பேட்டைத் தெருவில் நின்று பார்க்க வேண்டும்.

சேஷாத்ரி ஐயரின் சிலை கப்பன் பூங்காவில், அவர் பெயரால் எழுந்த மண்டபத்தின் முன் நிற்கிறது. மண்டபம் நூலகமாகிவிட்டது. அவர் கொணர்ந்த ஹெசரகட்டா நீர், வளர்ந்த நகருக்குப் போதவில்லை. 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது, அதுவும் போதவில்லை. 1974-ல் காவிரி நீரையே நகருக்குக் கொண்டு வந்தனர். அந்நீர் சிவசமுத்திரத்தை அடுத்த பகுதியில், அருவிக்கு மேலே, ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவும், சுமார் 500 மீட்டர் உயரமும் ஏறி வர வேண்டும். இரவும் பகலும் எந்திரங்கள் அதை மேலே தள்ளுகின்றன. அவை ஓடுவது மின்சாரத்தால்.